ஜிம்மிக்கு இன்னும் எத்தனை நாள்?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த வாரம் வந்த தபால்களில் ஒன்று தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. மொத்தம் ஏழு தாள், மூலையில் ஓட்டை போட்டு நூல் கோத்திருந்தார்கள். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், பக்கத்தில் முக்கால்வாசி அதற்கே போய்விட்டது. பூனைக்கு முடி கொட்டுகிறது, லவ் பேர்ட்ஸ் முட்டையை உடைக்கிறது என்று எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்.

கேள்வி: டாக்டர் சார், எங்கள் ஜிம்மிக்குப் பதிமூன்று வயசு முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் கிடந்த குட்டியை லுங்கியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார், அதுதான் ஜிம்மி. நாட்டு நாய், பெண், கருத்தடை செய்யவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் வேர்க்கடலை மாதிரி ஒரு கட்டி இருந்தது. கொழுப்புக் கட்டிதான், ஒன்றும் செய்யாது என்று பக்கத்துத் தெருவில் நாய் வளர்க்கிறவர் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். இப்போது சாத்துக்குடி அளவுக்கு வந்து போன மாசம் உடைந்துவிட்டது, நாற்றம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இந்த வயசில் ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரியில் படுக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருக்கிறார். "ஊசி போட்டு அனுப்பிடலாம், என்னால பார்க்க முடியல" என்கிறார். மாமியாரோ "வாயில்லா ஜீவனைக் கொன்ன பாவம் ஏழு தலைமுறைக்கும் விடாது, தருமரே நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்குப் போகமாட்டேன்னு நின்னார்" என்கிறார். எட்டாவது படிக்கிற பையன் அது பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறான். என்னிடம் இரண்டு பவுனில் ஒரு செயின் இருக்கிறது. அதை அடகு வைத்துப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டுமா? இன்னும் எத்தனை நாள் இருக்கும்? அன்றைக்கே பார்த்திருந்தால் பிழைத்திருக்குமா?
ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, செயினை அடகு வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். பால் மடியில் வந்த புற்று நுரையீரலுக்குப் போய்விட்டால் அதைக் குணப்படுத்துகிற வித்தை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை, ஏசி போட்ட ஆஸ்பத்திரியிலும் இல்லை. கீமோ என்று புற்றுக்கு ஊசி மருந்து சொல்வார்கள். சில புற்றுகளுக்கு அது நன்றாகவே கேட்கும், நிணநீர்ப் புற்று வந்த நாய்கள் கீமோவுக்குப் பிறகு மாசக்கணக்கில் ஓடியாடியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜிம்மி இருக்கிற நிலைமையில் அதனால் கிடைப்பது கொஞ்சம், ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்குமாக அலைகிற அலைச்சல்தான் அதிகம். எக்ஸ்ரே பார்த்துச் சொன்னவர் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவரிடம் ஒன்றை மட்டும் திரும்பப் போய்க் கேளுங்கள். நோய் குணமாவதற்கு இல்லை, நாற்றமும் ரத்தமும் நிற்பதற்காக அந்த உடைந்த கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று. மூச்சு நன்றாக இருந்து மயக்க மருந்து தாங்கும் என்றால் சில நேரம் அப்படிச் செய்வது உண்டு. தாங்காது என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

அன்றைக்கே பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றலாம்தான், ஆனால் இதைப் படிக்கிற யாரோ ஒருவர் வீட்டில் இப்போது வேர்க்கடலை அளவில் ஒரு கட்டி இருக்கும், அவருக்காகவாவது உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் நாய்க்கு மடியில் வருகிற கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும், மீதி சாதுவானது. எது எப்படி என்று தடவிப் பார்த்துச் சொல்ல எனக்கே வராது, முப்பது வருஷம் தடவிப் பார்த்தவன் நான். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். முதல் தடவை பருவத்துக்கு வருவதற்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு இந்தப் புற்று வருவது மிக மிக அபூர்வம். இதெல்லாம் இனி வருகிற குட்டிக்கு. ஜிம்மி விஷயத்தில் நீங்கள் வேர்க்கடலை அளவிலேயே கண்டுபிடித்தீர்கள், கேட்கவும் கேட்டீர்கள், கேட்ட இடம்தான் தப்பு. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்த பிறகுதான் அங்கே ஒன்று இருப்பதையே பார்த்தார்கள்.

எத்தனை நாள் என்கிறீர்கள். நுரையீரலுக்குப் பரவிய பிறகு சில வாரம், போனால் இரண்டு மூன்று மாசம். இதற்கு மேல் தேதி குறித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். அதைவிட, உங்களுக்குக் காலண்டர் தாளில் எழுதுகிற பழக்கம் இருக்கிறதே, அது இங்கே ரொம்ப உபயோகப்படும். ராத்திரி தாளைக் கிழிக்கும்போது பின்பக்கத்தில் நாலே விஷயம் எழுதுங்கள். சாப்பிட்டதா, தானாக எழுந்து மூத்திரம் போனதா, தூங்கியதா, வீட்டுக்காரர் உள்ளே வந்தபோது வாலை ஆட்டியதா. நல்ல நாள் என்றால் ஒரு சுழி, மோசமான நாள் என்றால் ஒரு பெருக்கல் குறி. ஆலிஸ் வில்லலோபோஸ் என்று அமெரிக்காவில் ஒரு கால்நடைப் புற்றுநோய் மருத்துவர், இதையே ஏழு கேள்வியாகப் பிரித்து அட்டவணை போட்டிருக்கிறார். வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், மொத்தம் 70க்கு 35ஐத் தாண்டினால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் மார்க் போடச் சொல்வதில்லை, வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு மார்க் வரும், அதற்கு ஒரு சண்டை வரும். சுழியும் பெருக்கலும் போதும். தினமும் கூடவே இருக்கிறவர்களுக்குச் சரிவு தெரியாது, "நேத்து மாதிரிதான் இருக்கு சார்" என்பார்கள், மூன்று வாரத் தாளைத் தரையில் வரிசையாகப் பரப்பினால் அவர்களே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இப்போது ராத்திரி சுற்றுகிறதே, அதற்கு வருகிறேன். வலித்தால் நாய் கத்தும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் கத்தாது. படுக்கும், உடனே எழுந்திரிக்கும், இடம் மாற்றும், ஒரே இடத்தை நக்கும், தொட்டால் விறைக்கும், வெயில் இல்லாத நேரத்திலும் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும். ஜிம்மி சுற்றுவது அநேகமாக வலியால்தான், அல்லது படுத்தால் மூச்சு முட்டுவதால். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அது அசந்து தூங்குகிற நேரம் பார்த்து, விலாவைக் கவனித்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. பையனிடம் கொடுத்தால் நன்றாகச் செய்வான். 30க்குள் இருந்தால் நிம்மதி. சும்மா படுத்திருக்கும்போதே 40ஐத் தாண்டினால், முழங்கையை அகட்டி கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருந்தால், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், அதை ஊசி வைத்து எடுத்தால் கொஞ்ச நாளுக்கு நன்றாக மூச்சு விடும், காலையில் முதல் ஆளாகக் கொண்டு போங்கள். நாக்கு நீலம் பாய்ந்தால் காலை வரைக்கும் காத்திருக்கவே கூடாது.

எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனாலும் சுற்றுகிறது என்றால் வலி மருந்து போதவில்லை. உங்களுக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரை மெலோக்சிகாம் என்று கடிதத்தோடு வந்த சீட்டிலிருந்து தெரிகிறது. அதை வயிறு நிறைந்த பிறகுதான் தர வேண்டும். வாந்தியோ, தார் மாதிரி கறுப்பாக மலமோ போனால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். அதனோடு சேர்த்து ராத்திரிக்கு காபாபென்டின் தரலாமா என்று கேளுங்கள், நரம்பு வலிக்கு நன்றாகக் கேட்கும், கொஞ்சம் தூக்கமும் வரும். வேறு யாராவது பசிக்காக ஸ்டீராய்டு எழுதித் தந்தால், மெலோக்சிகாம் தருகிறோம் என்பதைச் சொல்லிவிடுங்கள், இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது, குடல் புண்ணாகிவிடும்.

புண்தான் உங்களுக்குப் பெரிய தொல்லையாக இருக்கும். இந்த அக்னி நட்சத்திரத்தில், மீன் வாசமுள்ள தெருவில், திறந்த புண்ணை ஈ விடாது, ஒரு பகல் கவனிக்காமல் விட்டால் மறுநாள் புழு. காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு லிட்டரில் ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் புண்மேல் பீய்ச்சிக் கழுவுங்கள், காலை ஒன்று, மாலை ஒன்று. பஞ்சால் தேய்க்க வேண்டாம், ரத்தம் வரும். பிறகு பெட்டாடின் கரைசலை வெறும் டீத்தண்ணி நிறத்துக்கு நீர்க்க வைத்து ஊற்றுங்கள். ஈ அண்டாமலிருக்கக் கால்நடை மருந்துக்கடையில் ஸ்ப்ரே விற்கிறார்கள், புண்ணைச் சுற்றியுள்ள முடியில் அடிக்கலாம், டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பினாயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, எதுவும் வேண்டாம். அப்புறம் வீட்டுக்காரரின் பழைய கை வைத்த பனியன் ஒன்றை எடுத்து, கழுத்து வழியாகத் தலையையும் கைகள் வழியாக முன்னங்கால்களையும் விட்டு மாட்டுங்கள், முதுகுப் பக்கம் தொங்குகிற துணியை இறுக்கி ஒரு முடிச்சு. உள்ளே புண்ணுக்கு நேராக வெள்ளைத் துணியை மடித்து வைத்தால் நக்காது, பாயும் நனையாது, நாற்றமும் பாதியாகும். மூன்று பனியன் இருந்தால் மாற்றி மாற்றித் துவைக்கலாம். உங்கள் பக்கம் தண்ணீர் வருகிற நேரம் எனக்குத் தெரியும், அதனால்தான் மூன்று என்றேன்.

சாப்பாட்டுக்குப் பத்தியம் கிடையாது. பதிமூன்று வயசில் புற்றோடு இருக்கிற நாய்க்கு எது இறங்குகிறதோ அதுதான் சாப்பாடு. கோழி ஈரலை வெறும் தண்ணீரில் வேக வைத்து அந்தத் தண்ணீரைச் சோற்றில் ஊற்றிப் பிசையுங்கள், வெதுவெதுப்பாகக் கொடுங்கள், ஆறினால் வாசனை இருக்காது, வாசனை இல்லாவிட்டால் பசி வராது. அவித்த முட்டை, தயிர்சோறு, முள்ளெடுத்த மீன். தடைக்காலத்தில் மீன் விற்கிற விலையில் நாய்க்கு மீனா என்று மாமியார் கேட்டால் தலையும் வாலும் வேக வைத்த தண்ணீர் போதும், ஜிம்மிக்கு அது தெரிந்த வாசனைதானே. வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு, பிரியாணி, கருவாடு, திராட்சை, சாக்லேட் இதெல்லாம் கூடாது. கோழி எலும்பும் கூடாது. வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போனால் இருக்கிற நாளும் போய்விடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் அதுவும் தாளில் ஏற வேண்டும்.

டைல்ஸ் தரை என்றால் அது படுக்கிற இடத்திலிருந்து வாசல் வரைக்கும் சணல் சாக்கு விரித்துவிடுங்கள், வழுக்கி விழுகிற பயத்திலேயே கிழ நாய்கள் மூத்திரத்தை அடக்கும். எழ முடியாத நாளில் ஒரு பழைய லுங்கியைப் பின்வயிற்றுக்கு அடியில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் நடக்கும், புண் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் போடுங்கள்.

சரி, ஊசி. இதைத்தான் நீங்கள் கேட்க வந்தீர்கள் என்று நினைக்கிறேன், ஆறாவது தாளில் எழுதி அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ஈரமில்லாதவர் இல்லை, லுங்கியில் சுற்றி எடுத்து வந்தவர் அவர்தான். மாமியார் சொல்வதும் தப்பில்லை, ஆனால் தருமர் கதையை நான் வேறு மாதிரி படிக்கிறேன். அவர் நாயைச் சாகாமல் காப்பாற்றினார் என்று கதையில் இல்லை, நடுவழியில் விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றுதான் நின்றார். கடைசி வரைக்கும் கூட நிற்பதற்கும் கடைசி மூச்சு வரைக்கும் வலியில் வைத்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அந்தப் பெரியம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சம்மதிக்காவிட்டாலும் பரவாயில்லை.

எனக்கு ஊசியைவிட, முடிவை நடு ராத்திரிக்கு விட்டுவிடுவதுதான் பயம். பல வருஷத்துக்கு முன்னால் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் தன் கிழ நாயை மீன்பாடி வண்டியில் போட்டு என்னிடம் கொண்டு வந்தார். இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார், ராத்திரி இழுக்க ஆரம்பித்துவிட்டது, ஆட்டோக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. ஈரச் சாக்கு போர்த்தி வண்டியை அவரே மிதித்துக்கொண்டு வந்தால் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ஒரு கூட்ஸ் வண்டி போய், கேட்டைத் திறக்காமலேயே எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்ஸ். அந்த இரண்டு வண்டிக்கும் நடுவில் நாய் செத்துப்போச்சு. அப்படியும் அவர் திரும்பிப் போகவில்லை, செத்த நாயோடு என் வாசலுக்கு வந்து நின்று, "ரொம்ப வலிச்சிருக்குமா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொய்தான்.

ஆகவே இப்போதே வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு கோடு போடுங்கள். உதாரணத்துக்கு, தொடர்ந்து மூன்று பெருக்கல் குறி விழுந்தால், அல்லது இரண்டு நாள் தண்ணீரும் இறங்காவிட்டால், அல்லது மருந்து கொடுத்தும் படுக்க முடியாவிட்டால். எந்தக் கோடு என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், ஆனால் கோடு பகலிலேயே போட்டிருக்க வேண்டும். எந்த டாக்டர், வீட்டுக்கு வருவாரா, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போவதா, மாதவரம் பக்கமா, எந்த ஆட்டோக்காரர் ஏற்றுவார், இந்த நம்பர்களெல்லாம் இன்றைக்கே அந்தக் காலண்டர் அட்டையில் ஏறட்டும்.

ஊசி என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். முதலில் சதையில் ஒரு மயக்க ஊசி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அசந்து தூங்கிவிடும், அந்த நேரத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம். பிறகு காலில் நரம்பு பிடித்து, ஆபரேஷனுக்குப் போடுகிற மாதிரி மயக்க மருந்தையே அளவுக்கு மேல் ஏற்றுவார்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். உயிர் போன பிறகும் ஒரு பெருமூச்சு மாதிரி வரலாம், மூத்திரம் போகலாம், முன்கூட்டியே தெரியாவிட்டால் உயிர் இருக்கிறது என்று அலறிவிடுவீர்கள். தூங்க வைக்கிற முதல் ஊசி கண்டிப்பாக உண்டா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், உண்டு என்று சொல்கிறவரிடம்தான் போக வேண்டும்.

பையனிடம் "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். எட்டாவது படிக்கிறான், எக்ஸ்ரே என்றால் என்ன என்று தெரியும். சுழி, பெருக்கல் போடுகிற வேலையை அவனிடமே கொடுங்கள், கோடு போடும்போது அவனும் உட்காரட்டும். கூட இருக்கிறேன் என்றால் இருக்கட்டும், மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். வலியில் இருக்கிற நாய் யாரையும் கடிக்கும், பதிமூன்று வருஷம் கூடப் படுத்தவனையும் கடிக்கும். புண் கழுவும்போது அவன் முகத்தைக் கிட்டே கொண்டு போக வேண்டாம். பல் பட்டுவிட்டால் வீட்டு நாய்தானே என்று விடாமல் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: என் லேப்ரடாருக்குப் பதினோரு வயசு, காலில் எலும்புப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கிடைக்கவில்லை, வலியில் துடித்தது, எனக்கு வைத்திருந்த உடம்பு வலி மாத்திரையைப் பாதி கொடுத்தேன், நன்றாகத் தூங்கியது. அவசரத்துக்கு அதையே கொடுக்கலாமா?
ஆட்டோ ஓட்டும் ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம் தம்பி, ஒரு தடவை தப்பித்தது அதிர்ஷ்டம். புரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் குடலை ரத்தம் வர அரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு தப்பினால் கல்லீரல் போகும், பூனைக்கோ அது சுத்தமாக விஷம். டைக்ளோஃபினாக் ஊசி போட்டிருந்த மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்த பிறகுதான் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், பதிலுக்கு வந்ததுதான் மெலோக்சிகாம். அது நல்லதாச்சே என்று மனுஷர் போடுகிற மெலோக்சிகாம் மாத்திரையைக் கொடுத்துவிடவும் கூடாது. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது நாய்க்கு அன்றாட அளவு, 15 கிலோ நாய்க்கு ஒன்றரை மில்லிகிராம்தான் வருகிறது, மருந்துக்கடையில் கிடைக்கிற 15 மில்லிகிராம் மாத்திரை அதற்குப் பத்து மடங்கு. சர்க்கரை சேர்க்காத சிரப்பாக இருந்தால் சைலிட்டால் என்கிற இனிப்புப் பொருள் கலந்திருக்கலாம், அதுவும் நாய்க்கு விஷம். எலும்புப் புற்று வலி மற்ற புற்று வலி மாதிரி இல்லை, ரொம்பக் கொடுமையானது, ஆகவே சனிக்கிழமையே டாக்டரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து மருந்தும் அளவும் எழுதி வாங்கிவிடுங்கள். திடீரென்று காலை ஊன்றவே இல்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

கேள்வி: நாய்க்குப் புற்றுநோய் என்றால் வீட்டில் குழந்தைகளுக்குத் தொற்றுமா?
ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: தொற்றாது. கீமோ ஊசி போட்ட நாயாக இருந்தால் மட்டும் சில நாளைக்கு மூத்திரத்தையும் மலத்தையும் கையுறை போட்டு அள்ளுங்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்த வேலைக்கு வேண்டாம்.

கேள்வி: எங்கள் டைகர் போன வாரம் போய்விட்டது, கல்லீரலில் கட்டி, ஊசி போட்டுத்தான் அனுப்பினோம். ஒண்டுக்குடித்தனம், மண் தரையே கிடையாது. இருட்டின பிறகு கடற்கரை மணலில் புதைத்துவிட்டு வந்தோம், சரியா தப்பா என்று மனசு உறுத்துகிறது. இன்னொரு நாயும் இருக்கிறது, அது சாப்பிடாமல் வாசலையே பார்க்கிறது.
ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள் என்று எழுதவில்லை. மணல் நகர்கிற பொருள், மற்ற நாய்கள் தோண்டும். ஊசி போட்ட உடலில் மருந்து அப்படியே இருக்கும், அதைத் தின்கிற நாயும் காக்காயும் மயங்கிச் சாகலாம், அதனால்தான் இப்படிப்பட்ட உடலை நாலடிக்குக் குறையாமல், கிணறு, போர் பக்கம் இல்லாமல், கெட்டி மண்ணில் புதைக்க வேண்டும் என்கிறோம். பகலில் ஒரு நடை போய்ப் பாருங்கள், மேலே குழியோ கிளறலோ தெரிந்தால் கல் அடுக்கி மூடுங்கள். இடமில்லாதவர்கள் மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து கேட்கலாம், ஊசி போடுகிற டாக்டரிடமும் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். இதைச் செய்தவர் நீங்கள் மட்டும் இல்லை, வடசென்னையில் அரை சென்ட் மண் யாரிடம் இருக்கிறது?

இன்னொரு நாய் தேடத்தான் செய்யும். டைகர் படுத்த சாக்கை உடனே துவைத்துவிடாதீர்கள், அதன் பக்கத்தில் கொஞ்ச நாள் கிடக்கட்டும். சாப்பாட்டு நேரத்தையும் நடக்கிற நேரத்தையும் மாற்றாதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே தொடவில்லை என்றால் சோகம் என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், உண்ணிக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம்.

கேள்வி: நித்தியகல்யாணி இலையை அரைத்துக் கொடுத்தால் நாயின் புற்று கரையும் என்று செல்போனில் வந்தது. எங்கள் மாடியில் தொட்டி தொட்டியாக இருக்கிறது. கொடுக்கலாமா?
ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று இரண்டு புற்றுநோய் மருந்துகள் அந்தச் செடியிலிருந்துதான் வந்தன. அதனால்தான் இந்தச் செய்தி இவ்வளவு ஓடுகிறது. ஆனால் இலையில் மருந்து இருப்பது துளியிலும் துளி, அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, எடைக்கு அளந்து, நரம்பில் ஏற்றினால்தான் மருந்து. அரைத்துக் கொடுத்தால் வாந்தி, பேதி, தள்ளாட்டம்தான் வரும். பூவைச் சாமிக்குப் பறியுங்கள், நாயை அதைத் தின்ன விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் மணி என்று ஒரு ஆண் நாய். மூத்திரம் போகிற இடத்தில் காலிஃபிளவர் மாதிரி சிவப்பாகக் கட்டி, ரத்தம் சொட்டுகிறது. கேன்சர், சாகப் போகிறது, கார்ப்பரேஷன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று தெருவில் பேசுகிறார்கள். நான் கல்லூரியில் படிக்கிறேன், தினமும் அதற்குப் பிஸ்கட் போடுகிறவன். ஏதாவது செய்ய முடியுமா?
ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: முடியும் தம்பி, இந்த வாரக் கடிதங்களில் நல்ல செய்தி உங்களுக்குத்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது அநேகமாக நாய்க்கு நாய் இணைசேரும்போது ஒட்டிக்கொள்கிற கட்டி. கேன்சர் வகைதான், ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு முழுசாகக் குணமாகிவிடும். மேலே பெரம்பூர் அம்மாவுக்குச் சொன்ன அதே வின்கிரிஸ்டின்தான் மருந்து. வாரத்துக்கு ஒரு ஊசி, அநேகமாக நாலிலிருந்து ஆறு வாரம். இரண்டாவது ஊசியிலேயே ரத்தம் நிற்பதைப் பார்ப்பீர்கள். மருந்து நரம்பை விட்டு வெளியே ஒழுகினால் சதை அழுகிவிடும், அதனால் தெருவில் வைத்துப் போடுகிற ஊசி இல்லை இது, வேப்பேரிக்குத்தான் கொண்டு போக வேண்டும். முதலில் கட்டியிலிருந்து கொஞ்சம் தொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்வார்கள், ரத்தத்தில் வெள்ளணு எவ்வளவு என்று பார்த்துத்தான் ஒவ்வொரு ஊசியும். சீட்டு வாங்கக் காலையிலேயே போய்விடுங்கள்.

வண்டியில் ஏற்றி அனுப்புகிற பேச்சுக்குப் பதில், 2023ஆம் வருஷத்து விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்தால் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். உங்கள் புளியந்தோப்பிலேயே மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. கட்டி குணமான பிறகு மணிக்குக் கருத்தடையும் செய்துவிட்டால் இந்தக் கட்டியை இன்னொரு நாய்க்குக் கொடுக்காது. உங்கள் தெருவில் அது இணைசேர்ந்த பெண் நாய்களையும் ஒரு தடவை பின்னால் பாருங்கள், ரத்தம் சொட்டுகிறதா என்று, பருவத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்து விட்டிருப்பார்கள்.

பிஸ்கட் போடுகிறவர் என்பதால் உங்களிடம் வரும். முதல் நாள் வாய்க்கு ஒரு துணிப் பட்டையைக் கட்டித்தான் தூக்க வேண்டும், இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது ஊசி முடிந்ததும் ஒரு கார்டு போடுங்கள்.